சிரிப்புக்கு ஒரு குரல், துக்கத்துக்கு ஒரு குரல்: அக்வாஃபினா மீதான குற்றச்சாட்டு

2018 ஆகஸ்ட்டில் 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' என்ற ஹாலிவுட் படம் வெளிவந்தபோது திரையரங்கில் அதிகம் சிரிக்கவைத்த பாத்திரம் பெய்க் லின். சிங்கப்பூரின் புதுப்பணக்காரச் சீனக் குடும்பத்துப் பெண், நாயகியின் கல்லூரித் தோழி. தலைமுடியில் பொன்னிறம், வீட்டுக்குள் எங்கே திரும்பினாலும் தங்கப் பூச்சு. ஆனால் அவள் வாயைத் திறந்தால் சிங்கப்பூர் ஆங்கிலம் வரவில்லை. கரகரத்த குரலில், சொற்களை இழுத்து, வெட்டி, அழுத்தி அவள் பேசியது பலருக்கும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் பேச்சை நினைவூட்டியது. படத்தில் அந்தப் பேச்சுக்கு ஒரு விளக்கமும் இல்லை. அது சிரிப்புக்காக இருந்தது, சிரிப்பும் வந்தது.

அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் அக்வாஃபினா என்ற ஆசிய அமெரிக்க நடிகை. அதன்பின் நான்கைந்து ஆண்டுகள் அவரை விடாமல் துரத்திய கேள்வி ஒன்றுதான்: அந்தக் குரல் யாருடையது? 'பிளாக்' என்பதையும் 'ஆக்சென்ட்' என்பதையும் சேர்த்து 'பிளாக்சென்ட்' என்றார்கள். கறுப்பினத்தவர் அல்லாத ஒருவர் அவர்களுடைய பேச்சை எடுத்துப் போட்டுக்கொள்வதற்கு அதுதான் பெயர். வழக்கமாக இந்த விவாதம் 'வளர்ந்த இடம் அப்படி' என்று ஒரு தரப்பும், 'திருட்டு' என்று மறுதரப்பும் சொல்வதோடு நின்றுவிடும். இரண்டுமே இந்த நிகழ்வுக்குப் போதாது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

வளர்ப்பு

இயற்பெயர் நோரா லம். 1988இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் பிறந்தவர். தந்தை சீன அமெரிக்கர். தாய் தென்கொரியாவிலிருந்து குடிபெயர்ந்தவர். நோராவுக்கு 4 வயதிருக்கும்போது தாய் இறந்துபோனார். அப்பாவோடும் அப்பாவைப் பெற்ற பாட்டியோடும் நியூயார்க் நகரின் குயின்ஸில், ஃபாரஸ்ட் ஹில்ஸ் பகுதியில் வளர்ந்தார். லகார்டியா கலைப் பள்ளியில் டிரம்பெட் படித்தார். பதின்ம வயதிலேயே 'அக்வாஃபினா' என்ற பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். 2012இல் யூடியூபில் வெளியான ஒரு ராப் பாட்டு அவரை ஊரறியச் செய்தது.

குயின்ஸ் என்றதும் உலகின் எல்லா மொழிகளும் ஒரே தெருவில் கேட்கும் இடம் என்ற நினைப்பு வரும். அது உண்மைதான். ஆனால் குயின்ஸ் பெரியது. ஃபாரஸ்ட் ஹில்ஸ் பெரும்பாலும் வெள்ளையினத்தவரும் ஆசியர்களும் வாழும் நடுத்தர வர்க்கக் குடியிருப்பு. கறுப்பினத்தவர் அங்கே மிகக் குறைவு. குற்றம் சாட்டியவர்கள் பிடித்துக்கொண்ட முதல் நூல் இதுதான். 'அந்தத் தெருவில் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?' என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வி முழுக்க நியாயமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் பேச்சுவழக்கைப் பெற்றோரிடமிருந்து எடுப்பதைவிடக் கூட விளையாடும், கூடப் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து எடுப்பதுதான் அதிகம். குடியேறிகளின் பிள்ளைகள் பெற்றோரின் ஆக்சென்ட் இல்லாமல் பேசுவது அதனால்தான். லகார்டியாவில் நகரின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த பிள்ளைகள் படித்தார்கள். வீட்டு முகவரியை வைத்து ஒருவரின் நாக்கை அளக்க முடியாது.

வளர்ப்பு என்பது சப்பைக்கட்டு அல்ல என்பதற்கு ஒரு நல்ல ஆதாரம் உண்டு. 2002இல் ஜூலி ஸ்வீட்லாண்ட் என்ற மொழியியலாளர் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளையின இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கறுப்பினத்தவர் நிறைந்த குடியிருப்பில் கழித்தவள் அவள். அவள் பேசிய ஆங்கிலம் அக்கம்பக்கத்தாரின் ஆங்கிலமேதான். அது நடிப்பில்லை, அங்கிருந்தவர்களும் அதை நடிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளைத் தங்களில் ஒருத்தியாகவே பார்த்தார்கள். அது அவள் வேடத்துக்காகப் போட்டுக்கொண்ட குரல் இல்லை. தோலின் நிறத்தைப் பார்த்து ஒரு பேச்சுவழக்கின் உரிமையைத் தீர்மானிக்க வேண்டுமென்றால் அவளுக்குத் தாய்மொழியே இல்லாமல் போய்விடும்.

அந்த ஆங்கிலம்

இங்கே கொஞ்சம் நின்று அந்தப் பேச்சையே பார்க்க வேண்டும். அது என்னவென்று தெரியாமல் யார் எதை எடுத்தார்கள் என்று பேசுவதில் பொருளில்லை.

ஆப்பிரிக்க அமெரிக்க வட்டார ஆங்கிலத்தில் 'ஷீ மை சிஸ்டர்' என்று சொல்லலாம். நடுவில் 'இஸ்' கிடையாது. பள்ளி ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் திருத்துவார். ஆனால் நாம் தினமும் 'அவள் என் தங்கை' என்றுதான் சொல்கிறோம்; நடுவில் வினைச்சொல் எதுவும் இல்லை, எதுவும் குறைந்துபோனதாக நமக்குத் தோன்றுவதுமில்லை. இன்னொன்று: 'ஷீ வொர்க்கிங்' என்றால் இப்போது வேலையில் இருக்கிறாள். 'ஷீ பீ வொர்க்கிங்' என்றால் வழக்கமாக வேலைக்குப் போகிறவள். இந்த நிமிடம் அவள் வீட்டில் தூங்கிக்கொண்டும் இருக்கலாம். 'தினமும் வேலைக்குப் போவாள்' என்று எதிர்கால வடிவத்தை வைத்து நாம் வழக்கத்தைச் சொல்கிறோமே, அந்த வேலையை அங்கே 'பீ' செய்கிறது. பொது ஆங்கிலத்தில் 'பீ' இந்த வேலையைச் செய்வதில்லை. ஆக, இது சிதைந்த ஆங்கிலம் இல்லை. தனக்கென்று இலக்கணம் உள்ள வழக்கு. கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் பள்ளி வாரியம் 1996 டிசம்பரில் இதை மாணவர்களின் மொழியாக ஏற்றுத் தீர்மானம் போட்டபோது நாடே கொந்தளித்தது. அடுத்த மாதமே அமெரிக்க மொழியியல் கழகம், இது ஒழுங்கும் விதியும் கொண்ட பேச்சு என்று தீர்மானமாகவே அறிவித்தது.

இந்தப் பேச்சுக்கு அதைப் பேசுகிறவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள்? ஜான் பா என்ற கறுப்பின மொழியியலாளர் அதை அளந்தே காட்டினார். சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அவர் வீடு தேடிய காலம். தொலைபேசியில் பேசும்போது வீடு காலியாக இருந்தது. நேரில் போய் நின்றதும் 'தவறு நடந்துவிட்டது, வீடு போய்விட்டது' என்றார்கள். அவருக்கு ஒன்று புரிந்தது: போனில் அவரை வெள்ளையர் என்று நினைத்திருக்கிறார்கள். சிறுவயதிலிருந்தே அவருக்கு மூன்று வழக்குகள் பழக்கம். கறுப்பின ஆங்கிலம், மெக்சிகோ வம்சாவளியினரின் ஆங்கிலம், பொது ஆங்கிலம். வாடகை விளம்பரம் கொடுத்த வீட்டுக்காரர்களை அழைத்து, 'நாளிதழில் விளம்பரம் பார்த்தேன், வீட்டைப் பற்றிக் கேட்கலாமா' என்ற அதே ஒரு வரியை மூன்று குரல்களிலும் சொன்னார். 1999இல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து முடிவுகளை வெளியிட்டார். வெள்ளையர் நிறைந்த வுட்சைடில் பொது ஆங்கிலக் குரலுக்கு நூறு அழைப்பில் எழுபது முறை 'வந்து பாருங்கள்' என்று பதில் வந்தது. கறுப்பினக் குரலுக்கு முப்பதுகூட இல்லை. ஆள் ஒருவர்தான், தொண்டையும் அதேதான்.

நீதிமன்றத்திலும் இதுதான் நடந்தது. டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு 2013இல் ஃபுளோரிடாவில் நடந்தபோது, கடைசி நிமிடங்களில் அவனோடு போனில் பேசிக்கொண்டிருந்த தோழி சாட்சி சொல்ல வந்தாள். வயது 19. அவள் பேசியது அவளுக்குப் பழகிய ஆங்கிலம். அவள் சொன்னதைப் புரிந்துகொள்வது கடினமாக இருந்தது, அவள் நம்பத் தகுந்தவளாகத் தெரியவில்லை என்று நடுவர் குழுவில் (ஜூரி) இருந்த ஒருவர் பின்னர் தொலைக்காட்சியில் சொன்னார். இதைப் படித்த அன்று எனக்கு அடுத்த வேலை ஓடவில்லை.

பழைய கணக்கு

இந்தக் குரலைச் சிரிப்புக்கு விற்பது நேற்று தொடங்கிய பழக்கமில்லை. 1830களில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளையர் முகத்தில் கரி பூசி 'ஜிம் க்ரோ' என்ற பாத்திரமாக ஆடினார். பிற்பாடு இனப்பிரிவினைச் சட்டங்களுக்கே அந்தப் பெயர் வந்தது. இந்த ஆட்டவகைக்கு 'மின்ஸ்ட்ரல்' என்று பெயர். வானொலி வந்தபின் கரி தேவைப்படவில்லை. குரலே போதும் என்றாகிவிட்டது. 1928இல் சிகாகோவில் தொடங்கிய 'அமோஸ் அண்ட் ஆண்டி' தொடரில் இரண்டு வெள்ளை நடிகர்கள் கறுப்பினத்தவராகப் பேசினார்கள். அமெரிக்காவே மாலையில் வானொலி முன் உட்கார்ந்து கேட்டது. 1951இல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகர்களே நடித்தார்கள். இருந்தாலும் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடும் தேசிய அமைப்பான என்ஏஏசிபி அதை எதிர்த்து நின்றது. அந்த அமைப்பின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

2014இல் இக்கி அசேலியா என்ற ராப் பாடகி மீது எழுந்த கோபத்தை இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் புரியும். ஆஸ்திரேலியாவின் முல்லம்பிம்பி என்ற சிற்றூரில் வளர்ந்து, 16 வயதில் அமெரிக்கா வந்த வெள்ளையினப் பெண். அவருடைய 'ஃபேன்ஸி' பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. ராப் செய்யும்போது தெற்கத்திக் கறுப்பினப் பெண்ணின் குரல். பேட்டி கொடுக்கும்போது ஆஸ்திரேலியக் குரல். மேவ் எபர்ஹார்ட், காரா ஃப்ரீமன் என்ற இரு ஆய்வாளர்கள் 2015இல் இதை எண்ணிப் பார்த்தார்கள். மேலே சொன்ன அந்த 'இஸ்' விடுபடுவது இருக்கிறதே, அது பாட்டுகளில் கொட்டிக் கிடந்தது, பேட்டிகளில் காணவே காணோம். அவருடையது எளிய கேஸ். மேடை ஏறும்போது போட்டு, இறங்கும்போது கழற்றிய உடை.

அக்வாஃபினா அத்தனை எளிய கேஸ் இல்லை.

மூன்றாவது கதவு

ஆசிய முகத்தோடு அமெரிக்காவில் நடிக்க வருகிறவருக்கு ஹாலிவுட் என்ன குரல் வைத்திருந்தது? 1984இல் வந்த 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' படத்தில் லாங் டக் டாங் என்ற ஆசிய மாணவன் திரையில் தோன்றும்போதெல்லாம் பின்னணியில் ஒரு காங் மணி அதிரும். உடைந்த ஆங்கிலம் பேசுவான். அவனாக நடித்த கெடி வாட்டனாபே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்தவர். அவருக்கு அந்த ஆக்சென்ட் கிடையாது, வேலைக்காகப் போட்டுக்கொண்டார். எத்தனையோ ஆசியப் பிள்ளைகளை அதன்பிறகு பள்ளியில் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டு அழவைத்தார்கள்.

ஒரு கதவு அது: நீ எங்கே பிறந்திருந்தாலும் அந்நியன் மாதிரிப் பேசு. இன்னொரு கதவு வெள்ளையரின் பேச்சு. அதில் நுழைந்தால் நீ இருப்பதே தெரியாது. மூன்றாவதாக ஒன்று திறந்திருந்தது. ஹிப்ஹாப் காட்டிய கதவு. அந்தக் குரலில் பேசினால் 'எங்கிருந்து வந்தாய்?' என்ற கேள்வி எழாது. அது கறாரான, துணிச்சலான, சந்தேகமில்லாத அமெரிக்கக் குரல். தாயை இழந்த, பாட்டியோடு வளர்ந்த, ராப்பில் மூழ்கிக் கிடந்த ஒரு பெண் அந்தக் கதவு வழியே போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஆனால் 2017இல் அதே அக்வாஃபினா 'வைஸ்' இதழுக்குக் கொடுத்த பேட்டியில் ஒரு அளவுகோல் வைத்தார். நடிகர் தேர்வுக்குப் போன இடத்தில் திடீரென்று ஆசிய ஆக்சென்ட் கேட்டார்கள் என்பதற்காக எழுந்து வெளியே வந்திருக்கிறேன், நம் மக்களை மின்ஸ்ட்ரல் ஆக்கும் வேலைக்கு நான் போவதில்லை என்று சொன்னார். அதே சொல்: மின்ஸ்ட்ரல். கறுப்பினத்தவரைக் கேலிசெய்யப் பிறந்த கலைக்கு உரிய சொல்லைத் தன் மக்களின் வலியைச் சொல்ல எடுத்துக்கொண்டவர், ஒரு சமூகத்தின் பேச்சைச் சிரிப்புக்கு ஆக்குவது எவ்வளவு வலிக்கும் என்று அறியாதவர் இல்லை. அடுத்த ஆண்டு பெய்க் லின் வந்தாள்.

அப்புறம் 2019இல் 'தி ஃபேர்வெல்'. சீனாவின் சாங்சுன் நகரில் இருக்கும் பாட்டிக்குப் புற்றுநோய். குடும்பமே அதைப் பாட்டியிடம் மறைக்கிறது. நியூயார்க்கிலிருந்து போகும் பேத்தி பில்லியாக அக்வாஃபினா. தோள்கள் குறுகி, தலை குனிந்து, அரைகுறை மாண்டரினிலும் தாழ்ந்த ஆங்கிலத்திலும் பேசுகிறார். அந்தக் கரகரப்பில் துக்கம் இருக்கிறது, வித்தை இல்லை. பெய்க் லினின் குரல் எங்கேயும் இல்லை. அந்த நடிப்புக்காக 2020 ஜனவரியில் கோல்டன் குளோப் வாங்கினார். திரைப்படத்துக்கான முன்னணி நடிகை விருதை வென்ற முதல் ஆசிய வம்சாவளிப் பெண் அவர்தான்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். ஒருவர் இரண்டு விதமாகப் பேசுவது குற்றமே இல்லை. அமெரிக்கக் கறுப்பினத்தவரே அலுவலகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று மாற்றித்தான் பேசுகிறார்கள். ஜான் பாவும் அதைத்தான் செய்தார். அவர்கள் மாற்றுவது அடி படாமல் இருக்க. நாம் கவனிக்க வேண்டியது, எந்த இடத்தில் எந்தக் குரல் வெளியே வருகிறது என்பது. கோமாளித்தனம் வேண்டிய இடத்தில் கறுப்பினப் பெண்ணின் குரல் வந்தது. பாட்டி சாகப்போகிறாள் என்று நெஞ்சு அடைக்கும் இடத்தில் அது போய்விட்டது. அந்தக் குரல் வளர்ப்போடு வந்ததென்றால் துக்கத்திலும் கொஞ்சம் மிஞ்சியிருக்க வேண்டும். ஒஹாயோ பெண்ணுக்கு அது அப்படிக் கழற்றி வைக்கும் குரல் இல்லை.

பாத்திரத்துக்கு ஏற்ற குரல், அது நடிப்புத் தொழில் என்று பதில் சொல்லலாம். சரி. அப்படியானால் சிங்கப்பூர் பெண்ணுக்கு இந்தக் குரல்தான் ஏற்றது என்று எல்லோரும் சேர்ந்து எப்படி முடிவெடுத்தார்கள்? சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அவர்கள் கை எதைத் தேடியது? இந்தக் கேள்வி ஒரு நடிகையோடு நிற்பதில்லை. எழுதியவர், இயக்கியவர், தொகுத்தவர், சிரித்த நாம் எல்லோரையும் நோக்கி வருகிறது.

அறிக்கை

2021இல் அவர் நடித்த 'ஷாங்-சீ' படம் வெளியான சமயத்தில் ஒரு செய்தியாளர் இதை நேரிலேயே கேட்டார். உரையாடலுக்குத் தயார், இதில் பல அடுக்குகள் உண்டு என்பதோடு அக்வாஃபினா நிறுத்திக்கொண்டார். 2022 ஜனவரியில் 'ராயா அண்ட் தி லாஸ்ட் டிராகன்' படத்தில் குரல் கொடுத்ததற்காக ஒரு விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. பரிந்துரைத்தது என்ஏஏசிபி. எழுபது ஆண்டுகளுக்கு முன் 'அமோஸ் அண்ட் ஆண்டி'யை எதிர்த்த அதே அமைப்பு. கோபம் மீண்டும் கிளம்பியது.

பிப்ரவரி 5ஆம் தேதி ட்விட்டரில் நீண்ட அறிக்கை வந்தது. கறுப்பினத்தவரின் பண்பாட்டை ஆதிக்கச் சமூகம் எடுத்துப் பணமாக்கி, வேருக்கு மரியாதை தராமல் போன வரலாற்றை அதில் தெளிவாகவே ஒப்புக்கொண்டார். யாரையும் இழிவுபடுத்துவது தன் இயல்பல்ல என்றார். தன் அமெரிக்க அடையாளம் மூன்று இடங்களிலிருந்து வந்ததாகச் சொன்னார்: பார்த்த படங்களும் தொடர்களும், பள்ளியில் கூடப் படித்த பிள்ளைகள், ஹிப்ஹாப் மீதான காதல். ஆசிய அமெரிக்கர்கள் தங்களுக்கு எது உரியது, எங்கே தங்களுக்கு இடமில்லை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் எழுதினார். பிறகு, சிகிச்சையாளர் சொன்னபடி ட்விட்டரைவிட்டுச் சில ஆண்டுகள் விலகுவதாகச் சொல்லிக் கிளம்பினார். எதிலாவது குறைபட்டிருந்தால் மன்னியுங்கள் என்ற வரி ரசிகர்களுக்கான விடைபெறும் குறிப்பில்தான் இருந்தது, கறுப்பின மக்களை நோக்கி இல்லை.

அந்த அறிக்கையைக் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று பலர் எழுதினார்கள். நான் அப்படி முழுக்கத் தள்ள மாட்டேன். மூன்று இடங்கள் என்று பிரித்துச் சொன்னதில் நேர்மை இருக்கிறது. ஆனால் அந்த மூன்றில் ஒன்றுதான் வளர்ப்பு. கூடப் படித்தவர்கள் உங்களைத் திருத்துவார்கள், சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், உங்கள் பேச்சுக்கு அங்கேயே பதில் சொல்வார்கள். திரை பதில் சொல்லாது. பாட்டும் பதில் சொல்லாது. பதில் சொல்லாத இடத்திலிருந்து எடுத்த பேச்சுக்குக் கணக்கு கேட்க யாரும் இல்லாமல் போய்விடுகிறது. 2022இல் அவரிடம் கேட்டவர்கள் அந்தப் பதிலைத்தான் தாமதமாகச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். அவர் அங்கிருந்து போயிருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் அறிக்கை தொடவில்லை. பெய்க் லின் பற்றி ஒரு வரி இல்லை. எந்தக் காட்சி, எந்தப் பாட்டு, எந்தக் குரல் என்று ஒன்றையாவது எடுத்து, 'இதை இப்போது செய்தால் வேறு மாதிரிச் செய்வேன்' என்றோ, 'இல்லை, இது என் குரல்தான்' என்றோ சொல்லியிருந்தால் விவாதம் வேறு இடத்துக்குப் போயிருக்கும். 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் இந்தியக் கடைக்காரர் அபுவுக்கு முப்பது ஆண்டு குரல் கொடுத்த, இந்தியரல்லாத நடிகர் ஹேங்க் அசாரியாவும் குயின்ஸில், அதே ஃபாரஸ்ட் ஹில்ஸில் வளர்ந்தவர்தான். அவர் 2020இல் அந்தக் குரலைக் கைவிட்டார். 2021இல் ஒரு பாட்காஸ்டில், இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க, அவரிடம் நேராக மன்னிப்புக் கேட்டார். அபு என்ற பெயரைச் சொல்லிக் கேட்டார்.

2023 மே மாதம் 'தி லிட்டில் மெர்மெய்ட்' வந்தது. அதில் ஸ்கட்டில் என்ற கடற்பறவைக்கு அக்வாஃபினா குரல் கொடுத்திருந்தார். அந்தப் பறவைக்கு ஒரு ராப் பாட்டும் இருந்தது. அதே குற்றச்சாட்டு திரும்ப எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் 'குவிஸ் லேடி'. நடிகை சாண்ட்ரா ஓவின் தங்கையாக, கூச்சப்பட்டு, தொலைக்காட்சியின் வினாடி வினாவுக்குள் ஒளிந்து வாழும் பெண்ணாக நடித்தார். முழுநீள நகைச்சுவைப் படம். குரலைத் தாழ்த்தி, வாய்க்குள்ளேயே முனகிப் பேசினார், அதற்கும் சிரித்தார்கள்.